எழுநூற்றுப் பதினான்கு படிகளும் முப்பது முட்டைகளும்

அறுபத்தேழு வயதில், முதுகில் முப்பது முட்டைகளைக் கட்டிக்கொண்டு, எழுநூற்றுப் பதினான்கு கல்படிகளை ஒன்பதே நிமிடத்தில் சைக்கிளில் இறங்கியவன் நான். முட்டைகளில் ஒன்றுதான் உடைந்தது. அதுவும் கோழி இடும்போதே விரிசலோடு இட்டிருக்கும். மூன்றாவது வளைவில் பாதையை அடைத்துப் படுத்திருந்த ஓர் ஆட்டின் மேலாகப் பறந்து போனேன். அந்த ஆடு அசை போடுவதைக்கூட நிறுத்தவில்லை.

ஊர் மண்டபத்தில் இதைச் சொன்னபோது எல்லோரும் நம்பினார்கள் என்று சொல்ல மாட்டேன். எதிர்த்துப் பேசாமல் காவாக் காப்பி குடித்தார்கள். எங்கள் மலையில் அது நம்பியதற்குச் சமம். ஒரே ஒருவன் மட்டும் குவளையைத் தரையில் வைத்துவிட்டு, "இல்ல" என்றான். அவன் பெயர் ஹாரிப். என் மனைவி ஸுவைனாவின் அண்ணன். எங்கள் வாய்க்காலில் முப்பது வருடமாகத் தண்ணீர் முறை பார்ப்பவனும் அவன்தான். அவன் 'இல்லை' என்றால், ஊரில் தண்ணீரே ஒரு கணம் நின்று யோசிக்கும்.

முதலில் சைக்கிளைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அதைப் பற்றிச் சொல்ல யாராவது கிடைக்கமாட்டார்களா என்றுதான் நான் தினமும் எழுந்திருக்கிறேன். முப்பத்தோரு வருடம் சாலைத் துறையில் மண் சமன் செய்யும் இயந்திரம் ஓட்டினேன். மேட்டைக் கண்டால் வழிப்பேன், பள்ளத்தைக் கண்டால் நிரப்புவேன். இந்த மலையில் நீங்கள் தேநீர் சிந்தாமல் கார் ஓட்டுகிறீர்கள் என்றால் அதில் பாதி என் கைவேலை. ஓய்வு பெற்ற மறுமாதம் மஸ்கட்டுக்குப் போய், மேட்டையும் பள்ளத்தையும் விழுந்து விழுந்து ரசிப்பதற்கென்றே செய்த ஒரு சைக்கிளை வாங்கி வந்தேன். முன்சக்கரத்துக்கு ஒரு ஷாக் அப்சார்பர், பின்சக்கரத்துக்கு ஒன்று. இரண்டிலும் காற்று. ஒரு சின்ன நெம்புகோலைத் திருப்பினால் பின்பக்கம் இறுகி, கோவேறு கழுதை போல ஏற்றம் ஏறும். மறுபக்கம் திருப்பினால் தளர்ந்து, படியோ பாறையோ எல்லாவற்றையும் விழுங்கிக்கொண்டு இறங்கும். கைப்பிடியில் ஒரு பொத்தான். அழுத்தினால் சீட் தானே கீழே போகும். அதில் நான் புல்லுக்கட்டு கொண்டுவந்திருக்கிறேன், மாதுளைக் கூடை கொண்டுபோயிருக்கிறேன், மூன்று கல்யாணங்களுக்கும் ஒரு மரணத்துக்கும் போயிருக்கிறேன். திஷ்தாஷா அங்கியின் விளிம்பைத் தூக்கி இடுப்பில் முடிந்து, தொப்பிக்கு மேல் ஹெல்மெட்டை மாட்டினால், என்னைவிட அழகான கிழவன் ஜபல் அக்தர் மலையிலேயே இல்லை.

ஊரார் அதற்குத் தவளை என்று பெயர் வைத்தார்கள். ஏறி உட்கார்ந்தால் அது ஒரு அங்குலம் குந்தி, புஸ்ஸென்று மூச்சு விடும்.

"நீங்க உக்காந்தா அதுவே பெருமூச்சு விடுது," என்பாள் ஸுவைனா. "நாப்பது வருஷமா நான் விடுற மூச்சு. பாவம், அதுக்கு ஆறே மாசத்துல வந்துடுச்சு."

அந்தச் செப்டம்பரில் ஸுவைனா எங்கள் மகளின் பிரசவத்துக்காக நிஸ்வாவுக்குப் போயிருந்தாள். வாய்க்காலோரம் அவளுக்குப் பத்தொன்பது மாதுளை மரங்கள். மரமும் அவளுடையது, தண்ணீர்ப் பங்கும் அவளுடையது. எட்டு நாளைக்கு ஒருமுறை அரைமணி நேரத் தண்ணீர். நான் அந்த அரைமணியின் வேலைக்காரன், அவ்வளவுதான். முந்தைய சுற்றில் வேர் அடைத்து வாய்க்காலை மூடிவிட்டதால் யாருக்கும் முறை கிடைக்கவில்லை. பதினாறு நாளாக மரங்கள் நாக்கைத் தொங்கப் போட்டிருந்தன. இலை ஓரம் சுருண்டு, காய்கள் எலுமிச்சைக்கு மேல் வளரமாட்டேன் என்று பிடிவாதமாக நின்றன. இந்த முறையும் தவறினால் இருபத்துநாலு நாள். அந்த வருடக் காய் அதோடு உதிர்ந்துவிடும்.

காலையில் போன் செய்தாள். "ஒரு வேலை. ஒரே ஒரு வேலைதான் கொடுத்திருக்கேன். தண்ணி தவறிச்சுன்னா, அந்தத் தவளையப் பிரிச்சு ஆட்டுப்பட்டிக்குக் கதவாப் போட்டுருவேன். வல்லாஹி!"

ஸுவைனா வல்லாஹி என்று ஆணையிட்டுச் செய்யாமல் விட்டது எதுவும் இல்லை.

முறை மஃரிப் தொழுகைக்குப் பிறகுதானே என்று நான் மதியமே தவளையில் மேலூருக்குக் கிளம்பினேன். மேலூரில் தானி என்ற என் பழைய கூட்டாளி உம்ரா யாத்திரை முடித்து வந்திருந்தான். போய்ப் பார்க்காமல் இருக்க முடியாது. நான் போட்ட சாலையிலேயே பள்ளத்தாக்கைச் சுற்றி இருபத்திரண்டு கிலோமீட்டர் ஏறினேன். தானி கட்டிப்பிடித்தான், அல்வா வைத்தான், மூன்று குவளை காவா ஊற்றினான். கிளம்பும்போது, "மகளுக்குப் பிரசவம்னு சொன்னியே, வெறுங்கையோட போகாதே" என்று ஒரு தட்டு முட்டையைக் கொண்டுவந்தான். அதற்கு மேல் இன்னொரு தட்டைக் கவிழ்த்து, துணியால் சுற்றி, என் முதுகுப்பையில் அவனே இறுகக் கட்டினான்.

அவன் வீட்டு வாசலிலிருந்து பார்த்தால் எங்கள் ஊர் நேர் கீழே, உள்ளங்கையில் வைத்தது போலத் தெரியும். மேற்கு மலைச்சுவரின் நிழல் ஒவ்வொரு அடுக்காக வயலைத் தின்றுகொண்டு வந்தது. மடையருகே ஒரு வெள்ளைப்புள்ளி நின்றது. ஹாரிப். பக்கத்தில் மண்வெட்டியோடு இன்னொரு புள்ளி. கூன் விழுந்த புள்ளி. ஆக ஷமீஸ் கிழவர். ஷமீஸின் முறை எங்களுக்கு அடுத்தது.

இந்த நேரத்தில் ஷமீஸுக்கு அங்கே என்ன வேலை?

அப்போதுதான் நினைவுக்கு வந்தது. போன வாரம் மண்டபத்தில் கூடிப் பேசியிருந்தோம். ஒரு சுற்று மூடிக்கிடந்ததால், இந்தத் தடவை முறையைப் பிற்பகலிலேயே தொடங்குவது என்று முடிவு. எல்லோரும் கை தூக்கினார்கள். நானும் தூக்கினேன். வல்லாஹி, தூக்கினேன். ஆனால் அப்போது என் மனம் முழுக்கப் பின்பக்க ஷாக்கில் காற்று கொஞ்சம் அதிகமோ என்பதில் இருந்தது.

எங்கள் ஊர்ச் சட்டம் சின்னது. பகல் முறையென்றால், மலைநிழல் ஒரு வீட்டுக்குரிய வெள்ளைக் கல்லைத் தொடும்போது அந்த வீட்டு ஆள் மடையில் நிற்க வேண்டும். இல்லையென்றால் தண்ணீர் அடுத்தவருக்கு. ஹாரிப் தன் சொந்த மகன் கால் நிமிடம் பிந்தி வந்தபோது அவன் முறையை அடுத்த வீட்டுக்குத் திருப்பிவிட்டவன். தங்கை வீடு என்றால் இன்னும் கறாராக இருப்பான், ஊர் பேசக்கூடாதே என்று. முறை நேரத்தில் போனையும் அணைத்துவிடுவான். "கடிகாரம் நிக்கும், போன் பொய் சொல்லும், மலை ரெண்டும் செய்யாது," என்பான்.

நிழலுக்கும் கல்லுக்கும் நடுவே இரண்டு அடுக்கு மிச்சம். பத்து நிமிடம் இருக்கலாம். சாலை வழியே நாற்பது. மிச்சம் இருந்தது பழைய கழுதைப் படி. அதில் நான் பலமுறை இறங்கியிருக்கிறேன். ஆனால் மூன்று இடங்களில் எப்போதும் இறங்கித் தள்ளிக்கொண்டுதான் போவேன்.

"முஹன்னா, முட்டைய வெச்சிட்டுப் போடா!" என்று தானி கத்தினான். பையை அவிழ்க்க எனக்கு நேரம் எங்கே?

சீட்டை இறக்கினேன். நெம்புகோலைத் தளர்வுப் பக்கம் திருப்பினேன். பிஸ்மில்லாஹ்.

முதல் நூறு படிகள் பழக்கமானவை. பின்னால் சாய்ந்து, முழங்காலை மடக்கி, சக்கரத்தைப் பார்க்காமல் இருபது படி தள்ளிப் பார்க்க வேண்டும். சக்கரத்தைப் பார்ப்பவன் சக்கரத்துக்கு அடியில்தான் போவான். ஊற்று கசியும் வழுக்குப் பாறை வந்தது. பிரேக்கைத் தொட்டால் தொலைந்தேன், தொடவில்லை. சைக்கிள் தாடையை இறுக்கிக்கொண்டு தானாகப் போனது. இரண்டாவது, சுவருக்கும் பள்ளத்துக்கும் நடுவே ஒரு முழ அகலப் பாதை. கைப்பிடி சுவரில் கோடு போட்டது. அந்தக் கோடு இன்றும் இருக்கிறது, காட்டுகிறேன் வாருங்கள். முப்பத்தோரு வருடம் நான் வழித்தெறிந்த மேடெல்லாம் ஒன்றுகூடி அன்றைக்கு என் காலுக்கடியில் வந்து நலம் விசாரித்தது. ஒவ்வொன்றுக்கும் தவளை குந்தி எழுந்து மரியாதை செய்தது. பயமா? பயப்பட நேரம் இல்லை. நான் சிரித்துக்கொண்டிருந்தேன். பல்லில் மண் ஒட்டியிருந்ததை வீட்டுக்கு வந்துதான் பார்த்தேன்.

மூன்றாவது வளைவில் ஆடு. மீதியை ஏற்கெனவே சொல்லிவிட்டேன்.

மடைக்கு வந்து சேர்ந்தபோது நிழல் எங்கே இருந்தது என்று நான் பார்க்கவில்லை. தூசியில் கண் தெரியவில்லை. ஹாரிப் கையில் மடையை அடைக்கும் கல்லும் கந்தலுமாக நின்றான். முகத்தில் ஒன்றும் இல்லை. குனிந்து எங்கள் மடையைத் திறந்தான். பத்தொன்பது மரங்களின் காலடியிலும் தண்ணீர் ஓடிப் போய் உட்கார்ந்தது. ஷமீஸ் கிழவர், "மாஷா அல்லாஹ்" என்றார். கண்ணில் பூ விழுந்த மனிதர். அவருக்குப் பத்தடிக்கு அப்பால் எல்லாமே மாஷா அல்லாஹ்தான்.

ஆக, பார்த்திருக்கக்கூடிய ஒரே சாட்சி ஹாரிப். அவனோ மண்டபத்தில் எல்லோர் முன்னாலும், "இல்ல" என்றான்.

"பின்ன நான் எப்படிடா வந்தேன் மச்சான்?"

"மத்தியானமே வந்து அக்ரூட் மரத்துக்குப் பின்னாடி படுத்திருப்பே. நிழல் வந்ததும் எழுந்து ஓடி வந்திருப்பே."

"தானிகிட்ட போன் போட்டுக் கேளு!"

"கேட்டேன். நீ படியில இறங்கினதப் பாத்தேன்னான். அதுக்கப்புறம் கண்ண மூடிக்கிட்டானாம்."

"இருபத்தொம்பது முட்டை இருக்கு!"

"அதான் மாப்ள சொல்றேன். எழுநூறு படி இறங்கின முட்டை ஒண்ணாவது மிஞ்சுமா?"

மண்டபம் சிரித்தது. நானும் சிரித்தேன். ஆனால் ஒரு விஷயம் உறுத்தியது. ஹாரிப் கிண்டல் செய்யும்போது என் முகத்தைப் பார்ப்பான். நாற்பது வருடமாகப் பார்த்துத்தான் கிண்டல் செய்திருக்கிறான். அன்று குவளையைப் பார்த்துக்கொண்டே பேசினான்.

எட்டு நாள் கழித்து அடுத்த சுற்று வந்தது. ஸுவைனா பேரனைப் பார்த்த பூரிப்போடு திரும்பியிருந்தாள். காய்கள் எலுமிச்சையைத் தாண்டிவிட்டன. தவளை கதவாகாமல் தப்பித்தது. நான் என் முறைக்கு ஒருமணி நேரம் முன்னதாகவே மடைக்குப் போய்விட்டேன். அப்போது ஹாரிப்பின் சொந்த முறை நடக்க வேண்டிய நேரம். ஆனால் அவன் தன் மடையை அடைத்துவிட்டு, ஷமீஸின் மடையைத் திறந்துகொண்டிருந்தான்.

ஷமீஸ் மண்வெட்டியை ஊன்றி நின்றார். "ஹாரிப், இது என் முறை இல்லியேப்பா."

"எடுத்துக்குங்கண்ணே. என் மரத்துக்கு ஈரம் அதிகமாயிருச்சு."

நான் அவன் மரங்களைப் பார்த்தேன். அடியில் மண் பாளம் பாளமாக வெடித்திருந்தது.

"அரைமணித் தண்ணி," என்றார் ஷமீஸ். "இதை நான் எதுக்கு வாங்கணும்? நான் என்ன பிச்சையா கேட்டேன்?"

"சும்மா எடுத்துக்குங்க."

"காரணம் சொல்லாத தண்ணிய என் மரம் குடிக்காது." கிழவர் குனிந்து, கல்லை எடுத்துத் தன் மடையைத் தானே அடைத்தார். தண்ணீர் போக இடமில்லாமல் வாய்க்காலில் ததும்பி நின்றது. எங்கள் ஊரில் ஒரு குவளைத் தண்ணீர்கூட அப்படி நின்று நான் பார்த்ததில்லை. எந்த மரத்துக்கும் போகாமல் கரையில் வழிந்தது.

ஹாரிப் அதைப் பார்த்தான். பிறகு என்னைப் பார்த்தான், அந்த எட்டு நாளில் முதல் தடவையாக. தொப்பியைக் கழற்றித் தலையைத் தடவி, மறுபடி போட்டுக்கொண்டான்.

"போன முறை அந்த அரைமணி உங்களுதுண்ணே," என்றான் ஷமீஸிடம். "நிழல் கல்லத் தொட்டுத் தாண்டி ரெண்டு நிமிஷம் ஆயிருச்சு. இவன் பிந்திட்டான். நான்தான் உங்க மடையத் திறக்கல."

"தங்கச்சி வீடுங்கறதாலயா?"

"அல்லா மேல சத்தியமா இல்லண்ணே! அப்படி இருந்தா நானே இந்தக் கல்லக் கட்டிக்கிட்டு விழுந்துருப்பேன்." அவன் குரல் உயர்ந்து, உடனே தாழ்ந்தது. "முப்பது வருஷத்துல ஒரு நாள் நான் நிழலப் பாக்கல. தலையத் தூக்கி மேல பாத்துக்கிட்டு நின்னுட்டேன். கையில கல்லு இருந்தத மறந்துட்டேன்."

"மேல என்னப்பா இருந்தது?"

ஹாரிப் வாய்க்கால் கரையில் உட்கார்ந்து, ஷமீஸின் மடையில் இருந்த கல்லை மெதுவாக எடுத்தான். இந்த முறை கிழவர் தடுக்கவில்லை. நின்றிருந்த தண்ணீர் ஒரு திரும்பு திரும்பி, அவருடைய மரங்களைத் தேடிக்கொண்டு ஓடியது. நான் வாயைத் திறக்கவில்லை. என் வாழ்நாளில் மிகப் பெரிய பாரத்தை நான் தூக்கியது அந்த ஒரு நிமிடத்தில்தான்.

மேலே மூன்றாவது வளைவில் தானியின் ஆடுகள் சில இறங்கிக்கொண்டிருந்தன. ஹாரிப் ஈரக் கையால் நெற்றிக்கு நிழல் கட்டிக்கொண்டு அவற்றையே பார்த்தான்.

"வெள்ள ஆடு," என்றான். "ஒரு கொம்பு ஒடஞ்சது. இவன் அதுக்கு மேல போறான், ரெண்டு சக்கரமும் ஆகாசத்துல இருக்கு... அது அசை போடுறத நிறுத்தவே இல்லண்ணே."