மீனாவைக் கூண்டில் ஏற்றிய நாள்

கணவர் இறந்த பிறகு ஞானசுந்தரி தனியாளாக நடத்திய காலண்டர் கம்பெனி அது. தொடர்ந்து இரண்டு சீசன் ஆர்டர் படுத்துவிட, காகிதக் கடன் ஏறிக்கொண்டே போனது. கடைசியில் மஞ்சள் கடுதாசி கொடுத்துவிட்டாள். திவால் மனு சிவகாசி கோர்ட்டுக்குப் போனது. கடன் கொடுத்தவர்களுக்கெல்லாம் தபாலில் நோட்டீஸ் போனது. அவர்களில் பாண்டிமீனாவும் ஒருத்தி. ஞானசுந்தரியோடு ஒன்றாம் வகுப்பிலிருந்து படித்தவள். நகையை அடகு வைத்துப் பணம் கொடுத்தவள்.

மற்றவர்கள் திட்டியதோடு விட்டார்கள். மீனாவின் பெயரில் மட்டும் எதிர்மனு வந்தது. அச்சு மெஷினை விற்றதாகச் சொல்வது பொய், ஆனைக்குட்டத்தில் சொந்தக்காரர் குடோனில் ஒளித்து வைத்திருக்கிறாள் என்று அதில் இருந்தது. அது மீனாவின் பேச்சு இல்லை என்று தெரிந்தும் அன்று ஞானசுந்தரிக்குச் சோறு இறங்கவில்லை.

அவளுடைய வக்கீல் மேற்கொண்டு ஃபீஸ் கேட்டார். கொடுக்க வழியில்லாமல் கேஸ் கட்டைத் திரும்ப வாங்கிக்கொண்டு, தானே வாதாடுவதாக எழுதிக் கொடுத்தாள். மீனாவின் வக்கீல் செந்தூர்பாண்டி அவளை ஒரு ஆளாகவே மதிக்கவில்லை. நேரில் நகல் நீட்டினால் தபாலில் அனுப்பச் சொல்வார். தபாலில் அனுப்பினால் வரவில்லை என்று வாய்தா வாங்குவார். மீனா கோர்ட்டுப் பக்கமே வரவில்லை. மகன் ஸ்ரீராம்குமார்தான் வந்தான். அம்மா எப்படி இருக்கிறாள் என்று அவனிடம் ஒருமுறை கேட்டதற்கு, “என் கட்சிக்காரங்ககிட்டப் பேசக் கூடாது” என்று வக்கீல் குறுக்கே வந்து நின்றார்.

அம்மாவுக்குப் பதில் மகனே சாட்சி சொல்வான் என்று வக்கீல் கேட்ட அன்று ஞானசுந்தரி எழுந்தாள். கடன் கொடுத்தது மீனா, என்னைப் பொய்க்காரி என்பதும் மீனா பெயரில்தான், அவளே வந்து சொல்லட்டும் என்றாள். நீதிபதியம்மா ஒப்புக்கொண்டார்.

அடுத்த வாய்தாவுக்கு மீனா வந்தாள். சர்க்கரையில் ஒரு கால் வீங்கிக் கட்டுப் போட்டிருந்தது. கேள்வி கேட்கத் தன் முறை வந்ததும் ஞானசுந்தரி முதலில் அவளுக்கு ஒரு நாற்காலி கேட்டாள். அது கேள்வி இல்லை என்றார் செந்தூர்பாண்டி. நாற்காலி வந்தது.

“மீனா, மெஷின லாரியில ஏத்துன அன்னைக்கு நீ எங்கன இருந்தே?”

வக்கீல் ஆட்சேபித்தார். நீதிபதி அவரை உட்காரச் சொன்னார்.

“ஒம் பக்கத்துலதான்.”

“வாங்குனது யாரு?”

“சாத்தூர்க்காரக.”

“அந்த ரூவாய நான் என்ன செஞ்சேன்?”

மீனா மகனைப் பார்த்தாள். பிறகு இவளைப் பார்த்தாள். “வேலை பாத்த பிள்ளைகளுக்குச் சம்பளப் பாக்கி குடுத்தே. நான்தான எண்ணி எண்ணிக் கையில குடுத்தேன். ஒனக்குன்னு ஒண்ணும் எடுக்கல.”

அப்படியானால் எதிர்மனுவில் ஏன் கையெழுத்துப் போட்டீர்கள் என்று நீதிபதி கேட்டார்.

“படிச்சுப் பாக்கலைங்கம்மா. கோவம். இவ மஞ்சக் கடுதாசி குடுத்தது எனக்குத் தபால்காரர் வந்துதான் தெரியணுமா? அடுத்த தெருதான். வந்து சொல்லியிருந்தா அடிச்சா போட்டுருவேன்?”

ஞானசுந்தரி எழுதி வைத்திருந்த கேள்விகள் இன்னும் இருந்தன. அவள் கேட்கவில்லை.

“ஒம் மூஞ்சியில முழிக்கக் கூசுச்சு மீனா,” என்றாள்.

அதைப் பதிவு செய்யக் கூடாது என்று செந்தூர்பாண்டி எழுந்தார். நீதிபதி தலையசைத்தார். தட்டச்சு ஏற்கெனவே நின்றிருந்தது.

அடுத்த மாதம் ஞானசுந்தரி திவாலானவள் என்று உத்தரவானது. வீடு ஏலத்துக்குப் போகும். அதில் மீனாவுக்குச் சொற்பம்தான் தேறும். அன்றும் மீனா வந்திருந்தாள். படியிறங்க ஞானசுந்தரியின் தோளைப் பிடித்துக்கொண்டாள்.

“நகைய நெனச்சா வயிறு எரியத்தான் செய்யுது,” என்றாள்.

“எரியாம என்ன செய்யும்?”

ஆட்டோ வந்ததும் மீனா உள்ளே தள்ளி உட்கார்ந்து ஞானசுந்தரிக்கு இடம் விட்டாள். ஸ்ரீராம்குமார் சற்று நேரம் வெயிலிலேயே நின்றான். பிறகு முன்னால் டிரைவர் பக்கத்தில் ஒண்டிக்கொண்டான்.