அண்ணி தைத்த பேட்டரி வார்

எங்கள் குடும்பத்தில் பெண்ணைப் பெற்றவன்தான் வாய் திறந்து பெண்ணைக் கொடுக்க வேண்டும். பரிசப் பந்தலில் மாப்பிள்ளையின் தகப்பன் தாம்பாளத்தை நீட்டி, "வெத்தல பாக்கு உங்களுது, பொண்ணு எங்களுது" என்பார். பெண்ணின் தகப்பன் அதை வாங்கி, "வெத்தல பாக்கு எங்களுது, பொண்ணு உங்களுது" என்று பதில் சொல்வார். மூன்று முறை கேள்வி, மூன்று முறை பதில். சித்தப்பன் சொன்னால் செல்லாது. தாய்மாமன் சொன்னாலும் செல்லாது. தகப்பன் உயிரோடு இருக்கும்போது வேறொரு வாய் பேசினால், அந்த வீட்டுக்குத் தலை இல்லை என்று ஊர் முடிவு கட்டிவிடும்.

என் அண்ணன் சன்னாசிக் கங்காணி தன் மகள் நீலாவதிக்குப் பரிசம் வைத்தபோது அவருக்குக் காது கேட்காது.

அது அவசரகாலம்; கம்யூனிஸ்டுகள் காட்டில் பதுங்கி வெள்ளைக்கார அரசோடு சண்டை போட்ட காலம். தோட்டத்து ஆட்களை ஏற்றிக்கொண்டு தூரத்து ரப்பர் மர நிரைக்குப் போன லோரி மீது காட்டிலிருந்து குண்டு வீசினார்கள். அண்ணன் ஒவ்வொருவராக இழுத்து வாய்க்காலில் தள்ளி எல்லாரையும் காப்பாற்றினார். கடைசியாக அவர் குதிக்கும்போது இரண்டாவது குண்டு பக்கத்திலேயே வெடித்தது. உடம்பில் ஒரு கீறல்கூட இல்லை. இரண்டு காதும் போய்விட்டன.

தோட்டத்துத் துரை நன்றி மறக்காதவர். சிரம்பான் டாக்டர் மூலமாக ஒரு காது மெசினை வரவழைத்துக் கொடுத்தார். சிகரெட் டின் அளவுதான் இருக்கும். சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, அதிலிருந்து வரும் கம்பியின் நுனியைக் காதில் செருக வேண்டும். காதருகே நின்று கத்தினால்கூடக் கேட்காத மனிதருக்கு, மெசினை மாட்டினால் பக்கத்து அறைப் பேச்சு கேட்டது. அதற்கு இரண்டு பேட்டரி வேண்டும். ஒன்று சாதாரண டார்ச் பேட்டரி. மற்றது தீப்பெட்டியை விடக் கொஞ்சம் பெரிதாக இருக்கும் தனிச் சாதி. சிங்கப்பூரிலிருந்துதான் வரும்.

பரிசத்துக்கு ஒரு வாரம் இருக்கையில் அந்தத் தனிச் சாதி செத்துப்போனது. சிரம்பான் கடைக்காரன் கப்பல் வரவேண்டும் என்று கையை விரித்தான். பரிசத்தைத் தள்ளிப்போடவும் வழியில்லை. அந்த ஞாயிற்றுக்கிழமை ஆட்கள் கூடுவதற்குப் போலீசில் அனுமதி வாங்கவே நான் தொண்டைத் தண்ணீர் வற்றப் பேசியிருந்தேன். ரஹாங்கிலிருந்து வரும் மாப்பிள்ளை வீட்டாருக்கும் பயண அனுமதி அந்த ஒரு நாளுக்குத்தான். தள்ளிப்போட்டால் கங்காணி வீடு வாக்கு மாறிவிட்டது என்று பேச்சு கிளம்பும்.

நான் அண்ணனுக்கு ஒரு வழி சொன்னேன், கையால் காட்டியும் உதட்டை அசைத்தும். "நான் பின்னால உக்காந்து முதுகைத் தொடறேன். தொட்டதும் பதில் சொல்லுங்க."

அண்ணன் வீடே அதிரச் சொன்னார்: "தொட்டா பேசுறதுக்கு நான் என்ன பொம்மையா? எம் பொண்ணக் கேக்குற வார்த்த என் காதுல விழணும். விழுந்தாத்தான் குடுப்பேன். விழலேன்னா பரிசம் வேணாம், எல்லாரும் வீட்டுக்குப் போவலாம்!"

உள்ளே நீலாவதி அழத் தொடங்கினாள். அண்ணி தாயம்மா அழவில்லை. அடுப்படியிலிருந்து அரிவாள்மனையை எடுத்து வந்து, செத்த பேட்டரியை வாழைக்காய் போல இரண்டாகப் பிளந்தார்.

அண்ணியைப் பற்றி இங்கே சொல்ல வேண்டும். கோலா பிலா பக்கத்துத் தோட்டமொன்றில் அவருடைய தகப்பனார் இஞ்சின்காரர். தாய் இல்லாத பெண் என்பதால் இஞ்சின் கொட்டகையிலேயே வளர்ந்தவர். எங்கள் வீட்டுக்கு வாழ வந்தபோது நகையோடு ஒரு குறடும் ஈயப்பற்று வைக்கும் இரும்பும் கொண்டுவந்தார். எங்கள் அம்மா அந்தக் குறடைப் பார்த்து முகம் சுளித்ததாகச் சொல்வார்கள். அண்ணி அதைச் சீர்வரிசையில் மேலாக வைத்தாராம்.

பிளந்த பேட்டரிக்குள் மெல்லிய வில்லைகள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியிருந்தன. அண்ணி விரலால் எண்ணினார்.

"பதினஞ்சு. அட, இது டார்ச் பேட்டரிதான் தம்பி. வெள்ளைக்காரன் அமுக்கி அமுக்கிச் சின்னதா அடுக்கியிருக்கான். நம்ம பெருசா அடுக்குவோம்."

"பதினஞ்சு டார்ச் பேட்டரிக்கு எங்க போறது அண்ணி?" என்றேன். கேள்வி நியாயமானது. காட்டுக்காரர்கள் கைக்குப் போய்விடக் கூடாதென்று எங்கள் தோட்டக் கடையில் செத்த பேட்டரியைக் கொடுத்தால்தான் புதியது தருவார்கள்.

"புதுசு யாரு கேட்டா? செத்ததே போதும். டார்ச்சு எரிய நெறைய வேணும். இந்த மெசினு சிட்டுக்குருவி மாதிரி, துளித்துளியாத்தான் குடிக்கும். செத்ததைக் கொஞ்சம் உசுப்பி விட்டா போதும்."

அண்ணி லயத்தில் வீடு வீடாகப் போனார். கங்காணி வீட்டுப் பெண் குப்பை கேட்டுப் போவதா என்று நான் தடுத்தேன். "குப்பை இல்ல, கடன். பரிசம் முடிஞ்சதும் திருப்பிக் குடுத்துடுவேன்" என்று சொல்லிவிட்டு நடந்தார். கங்காணி வீடு வாங்கியதைத் திருப்பிக் கொடுக்கும் என்பதில் யாருக்கும் சந்தேகம் இருந்ததில்லை. ஒரு வீடும் இல்லையென்று சொல்லவில்லை.

மூன்றாவது லயத்து மாரியம்மா மட்டும் வாயை அடக்கவில்லை. "என்னா கங்காணியம்மா, மருமகனுக்குச் சீரா செத்த பேட்டரியா குடுக்குறீங்க?"

"ஆமாடி. உம்மருமகனுக்கு நீ குடுத்த கோழிய விட இதுல உசுரு அதிகம்."

லயமே சிரித்தது. மாரியம்மா இரண்டு பேட்டரி கொடுத்தாள்.

பகலில் ஆலைக் கொட்டகையில் வேலை நடந்தது. இஞ்சின்காரர் அர்ச்சுனன் லோரி பேட்டரி ஒன்றைக் கொடுத்தார். அண்ணி டார்ச் பேட்டரிகளை நான்கு நான்காக மூங்கில் பிளவில் அடுக்கி, லோரி பேட்டரியின் கம்பியை அவற்றோடு இணைத்தார். நடுவில் ஒரு சின்ன பல்பு.

"அந்த பல்பு எதுக்குமா? கழட்டிட்டா சுருக்கா ஏறும்ல?" என்றார் அர்ச்சுனன்.

அவர் மனம் கோணக் கூடாதென்று அண்ணி ஒரு நான்கை அப்படியே இணைத்துக் காட்டினார். கொஞ்ச நேரத்தில் ஒரு பேட்டரி புடைத்து, கறுப்பாய்த் தண்ணீர் கக்கி, அண்ணியின் சேலைத் தலைப்பைத் தின்றது.

"பல்பு மதகுண்ணே. மதகைத் தொறந்து விட்டா வயலு நெறையாது, வரப்புதான் ஒடையும்."

மதகோடு ஏற்றியபோது பல்பு முதலில் நன்றாக எரிந்தது. பேட்டரி நிறைய நிறைய வெளிச்சம் மங்கியது. மங்கியதும் அண்ணி ஒவ்வொன்றின் கம்பியையும் நாக்கு நுனியில் வைத்துப் பார்ப்பார். சுரீர் என்றால் எடுத்துக்கொள்வார், சப்பென்று இருந்தால் மறுபடி ஏற்றுவார். குழம்புக்கு உப்புப் பார்க்கும் அதே முகம். பெரிய மில்லில் வேலை செய்தவர்களைப் பார்த்திருக்கிறேன். தன் கைவேலையை இவ்வளவு நம்பிய ஒருவரை நான் பார்த்ததில்லை.

சேர்ந்த பேட்டரிகளை எங்கே வைப்பது? எங்கள் அப்பா கப்பலில் வந்தபோது இடுப்பில் கட்டியிருந்த அகலமான வார் ஒன்று பெட்டியில் இருந்தது. அதை நானே எடுத்துக் கொடுத்தேன். அண்ணி அதன் உட்பக்கத்தில் லோரித் தார்ப்பாய்த் துணியால் பதினைந்து பை தைத்து, பேட்டரிகளை நிறுத்தி, தலையும் வாலுமாகக் கம்பி வைத்து ஈயத்தால் பற்றவைத்தார். அண்ணன் அதை உள்ளே கட்டி, அதன் கம்பியை மெசினோடு சேர்த்து, மேலே ஜிப்பா போட்டார். ஒல்லியான மனிதர் ஒரே நாளில் செட்டியார் போல ஆகிவிட்டார்.

"சம்மந்தி வீட்டுக்காரங்க பாத்தா, இந்த வீட்டுச் சாப்பாடு நல்லாருக்கும்னு நெனைப்பாங்க" என்று அண்ணி முணுமுணுத்தார்.

"கேக்குது, கேக்குது" என்றார் அண்ணன். வீடே கைதட்டியது.

நின்று பார்த்தோம். நடந்து பார்த்தோம். நாற்காலியில் உட்கார வைத்துப் பார்த்தோம். கணகணவென்று கேட்டது. வார் வெளியே தெரியக் கூடாது என்று மட்டும் நான் சொன்னேன். சம்மந்தியிடம் அண்ணனுக்குக் காது கொஞ்சம் மந்தம் என்றுதான் சொல்லியிருந்தோம். ஊர் கூடிய இடத்தில் கம்பியும் பேட்டரியுமாய்க் கங்காணியைக் காட்ட எனக்கு மனமில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை பந்தல் நிறைந்தது. கூட்டத்துக்குக் காவலாக ஒரு மலாய்ப் போலீஸ் சார்ஜன் துப்பாக்கியோடு வாசலில் நின்றார். மாப்பிள்ளையின் தகப்பன் வீரமுத்து கிழக்கே பார்த்து உட்கார்ந்தார். அண்ணன் அவருக்கு எதிரே பாயில் சம்மணமிட்டு உட்கார்ந்தார்.

அங்கேதான் தவறு. சம்மணம் போட வைத்து நாங்கள் பார்க்கவில்லை. நம் ஆண்கள் இடுப்பில் அரைஞாண் இருக்கும். கங்காணி வீடு என்பதால் அண்ணனுக்கு வெள்ளி அரைஞாண். உட்கார்ந்ததும் வார் மடங்கியது, வெள்ளி மேலேறிப் பேட்டரிகளின் அடிக் கம்பியில் படுத்துக்கொண்டது. மின்சாரம் பாய வெள்ளியை விட நல்ல கம்பி உலகத்தில் கிடையாது என்று அண்ணி பின்னால் சொன்னார்.

வீரமுத்து தாம்பாளத்தைத் தூக்கினார். "வெத்தல பாக்கு உங்களுது..."

அண்ணன் துள்ளினார். இடுப்பைப் பிடித்துக்கொண்டார். முகம் சுண்டிப்போனது. மெசின் நின்றுவிட்டது என்று எனக்குத் தெரிந்தது. வீரமுத்துவின் உதடு அசைவதை அண்ணன் பார்த்தார். பதில் என்னவென்று அவருக்குத் தெரியாதா? சொல்லியிருந்தால் ஒருவரும் கண்டுபிடித்திருக்க மாட்டார்கள். அவர் வாயைத் திறக்கவில்லை. தாம்பாளம் நடுவழியில் நின்றது.

"என்னா கங்காணி, மனசு மாறிப்போச்சா?" என்றார் வீரமுத்து. அவர் ஆட்கள் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள்.

பெண்கள் பக்கமிருந்து அண்ணி எழுந்தார். பரிசப் பந்தலில் ஆண்கள் நடுவே பெண் வருவது எங்களிடம் வழக்கமில்லை. அவர் நேராக வந்து அண்ணன் எதிரே மண்டியிட்டு, ஜிப்பாவைத் தூக்கி வாரை அவிழ்த்தார். பதினைந்து பேட்டரியும் வரிசையாகக் கம்பியோடு வெளியே வந்தன.

வாசலில் துப்பாக்கி உயர்ந்தது. அது என்ன, குண்டா என்று சார்ஜன் மலாயில் கத்தினார். பாதிக் கூட்டம் எழுந்துவிட்டது.

நான் வாருக்கும் துப்பாக்கிக்கும் நடுவில் போய் நின்றேன். "இது என் அண்ணனுடைய காது. என் அண்ணி செய்தது. எங்கள் வீட்டில் செய்தது" என்று மலாயில் சொன்னேன். பிறகு பந்தலுக்குத் திரும்பி அதையே தமிழில் சொன்னேன். மறைப்பதற்கு அதில் ஒன்றுமில்லை. மூன்று தலைமுறையாக எங்கள் வீட்டில் செய்த எந்தப் பொருளும் அதற்கு ஈடாகாது.

"அரைஞாணக் கழட்டிட்டுக் கட்டிக்கலாமே" என்றது ஒரு குரல்.

"உசுரோட இருக்கிற ஆம்பளைக்கு அரைஞாண அறுக்கிறதா?" என்று அண்ணி நிமிராமலே சொன்னார். ஒவ்வொரு பேட்டரியாகப் புறங்கையால் தொட்டுப் பார்த்தார். சூடேறியிருந்த நான்கை ஒதுக்கிவிட்டு, மிச்சத்தைக் கம்பி முறுக்கி இணைத்தார். அருகிலிருந்த தலைவாழை இலையை இழுத்து அண்ணன் முன்னால் விரித்து, எல்லாரும் பார்க்க வாரை அதன்மேல் நீட்டிப் போட்டார். அண்ணனின் உதடு மெல்ல விரிந்தது.

"இப்ப கேக்குதா?"

"கேக்குது தாயம்மா. கொஞ்சம் தூரமா."

அண்ணி தலைப்பைச் சரி செய்துகொண்டு வீரமுத்துவைப் பார்த்தார். "நாலு போயிடுச்சு சம்மந்தி. மிச்சம் பதினொண்ணு இருக்கு. நீங்க கொஞ்சம் கணீர்னு சொல்லணும்."

வீரமுத்து இலையைப் பார்த்தார், அண்ணியைப் பார்த்தார். பிறகு தொடையில் தட்டிச் சிரித்தார். "எம்பொண்டாட்டிகிட்ட நான் கத்துறது அஞ்சு வீட்டுக்குக் கேக்கும்மா. கவலப்படாத. ஏன் கங்காணி, எங்க வீட்டுக்கு வர்ற பொண்ணுக்கும் இந்த வேல தெரியுமா?"

"அவ என்ன விடக் கெட்டிக்காரி" என்றார் அண்ணி.

சார்ஜன் துப்பாக்கியைத் தோளில் மாட்டிக்கொண்டு பாய் ஓரத்தில் குந்தி இலையையே பார்த்துக்கொண்டிருந்தார். வீரமுத்து மறுபடி தாம்பாளத்தை எடுத்தார்.

"வெத்தல பாக்கு உங்களுது, பொண்ணு எங்களுது!"

அண்ணன் கண்ணை மூடிக் கேட்டார். அந்த வார்த்தை முழுவதும் உள்ளே போய்ச் சேரும்வரை பொறுத்தார். பிறகு தாம்பாளத்தைப் பிடித்தார். "வெத்தல பாக்கு எங்களுது, பொண்ணு உங்களுது."

இரண்டாம் முறை சொன்னார். மூன்றாம் முறை வீரமுத்து வேண்டுமென்றே குரலைத் தாழ்த்திக் கேட்டார். அதற்கும் அண்ணன் பதில் சொன்னார். பந்தலில் குலவை கிளம்புவதற்கு முன் பெண்கள் பக்கத்தில் யாரோ பக்கத்திலிருந்தவளிடம் கிசுகிசுத்தாள்: "ஆம்பளைங்க நடுவுல இப்படியா வந்து நிப்பா ஒருத்தி?"

எங்களுக்கே அரைகுறையாகத்தான் விழுந்தது. அண்ணன் தலையைத் திருப்பினார்.

"யாரும்மா அது? அவ வந்து நின்னதாலதான் நீ பேசுறது எனக்குக் கேக்குது. இன்னொரு தடவ சொல்லு."

பதிலுக்குக் குலவைதான் கிளம்பியது.