உள்ளங்கையின் நிறம்

திரையிலிருந்த மனிதன் செத்துப்போயிருந்தான். பவுலினுக்கு முதலில் தோன்றியது அதுதான். கண் திறந்திருந்தது, உதடு லேசாகச் சிரித்தது. தோல் மட்டும் குளிர்பெட்டியில் வைத்த உடம்பின் தோல்.

"கறுப்பா இல்லைங்க, சாம்பல் பூசின மாதிரி இருக்காரு" என்றார் வேங்கடேசன், சென்னையிலிருந்து போனில். அவளுக்கு வேலை கொடுக்கும் ஸ்டுடியோக்காரர். மீனவர்களுக்கான புயல் எச்சரிக்கைப் படம் அது. அதில் பேசப்போகும் ஆளைத் திண்டிவனத்தில் வீட்டிலிருந்தபடியே கம்ப்யூட்டரில் உருவாக்கிக்கொண்டிருந்தாள். முகத்துக்கு மாதிரி அவள் புருஷன் ஆன்டனி.

தவறு எங்கே என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. ஸ்டுடியோ தந்த கம்ப்யூட்டர் தோல் ஒரு வெள்ளைக்காரனுடையது. அதன் மேல் கறுப்பை ஏற்றியிருந்தாள். வெளுத்த தோலுக்குள் வெளிச்சம் நுழைந்து, உள்ளே அலைந்து, ரத்தத்தின் சிவப்போடு வெளியே வரும். கறுத்த தோலில் அதில் பெரும்பகுதியை மேலடுக்கே குடித்துவிடும். கண்ணுக்குத் தெரிவது மேற்பரப்பின் மினுமினுப்பு: நெற்றியில் வானத்தின் நீலம், கன்னத்தில் எதிர்ச்சுவரின் மஞ்சள். ஆனால் சிவப்பு முழுக்கப் போய்விடாது. உதட்டின் உட்புறம், கீழிமை, நகத்தடி, உள்ளங்கை என்று நிறம் குறைந்த இடங்களில் அது இருக்கும். எல்லா இடத்திலும் ஒரேயடியாகக் கறுப்பைப் பூசினால் ரத்தம்தான் முதலில் காணாமல் போகும்.

ஈஸ்டருக்கு எடுத்த படங்களைப் பார்த்து மினுமினுப்பைக் கூட்டினாள். உதட்டுக்கும் காதுமடலுக்கும் அடியில் சிவப்பை வைத்தாள். திரையிலிருந்தவன் மூச்சு விடுவான் போலிருந்தது. கை மட்டும்தான் பாக்கி.

லாரியிலிருந்து வேர்க்கடலை மூட்டை இறக்கிவிட்டுச் சாப்பிட வந்த ஆன்டனியை வாசற்படி வெளிச்சத்தில் உட்காரவைத்தாள்.

"இன்னா, கட்டிக்கினு ஆறு வருஷம் கழிச்சு எம்மாங் கறுப்புன்னு அளக்கிறியா?"

"பேசாம கைய நீட்டுங்க."

"ஸ்டாருக்கு மொதல்ல சோறு போடுவாங்க. அப்புறந்தான் ஷூட்டிங்கு."

கேமரா நிறத்தைத் திரித்துவிடக் கூடாதென்று பக்கத்தில் ஒரு வெள்ளைத் தாளை வைத்தாள். ஒப்பிட்டுப் பார்க்கத் தன் கையையும் அவன் கையோடு சேர்த்து வைத்துப் படம் எடுத்தாள்.

திரையில் தாள் வெள்ளையாகத்தான் இருந்தது. அவள் உள்ளங்கை பழுத்த கொய்யாவின் உட்புறம் போலிருந்தது. பக்கத்தில் அவன் கை, பழைய சுண்ணாம்புச் சுவர். வெளிச்சம் சரியில்லை என்று நினைத்தாள். ஆனால் இரண்டு கையிலும் விழுந்தது ஒரே வெளிச்சம். காலையில் திரையிலிருந்து அழித்த சாம்பல் இங்கே இருந்தது. இத்தனை நாளும் அவள் உற்றுப் பார்த்தது ஈஸ்டர் படத்து ஆன்டனியை.

எழுந்து வந்து அவன் கீழிமையை இழுத்துப் பார்த்தாள். அங்கேயும் சிவப்பு இல்லை.

"முதுகு வலிக்கு அந்த மாத்திரைய இன்னும் போட்டுக்கினு இருக்கீங்களா?"

அவன் தலையாட்டினான்.

"வெளிக்கு எப்பிடிப் போவுது?"

"சோறு துன்ற நேரத்துல கேக்கற கேள்வியா இது?" சிரித்தான். அவள் சிரிக்காததைப் பார்த்துக் குரலைத் தாழ்த்தினான். "கறுப்பாத்தான் போவுது. தாரு மாதிரி. கேப்பைக் கூழு குடிக்கிறதாலன்னு நெனைச்சேன்."

அவள் அப்பாவுக்கு வலி மாத்திரையால் வந்த வயிற்றுப்புண்ணில் ரத்தம் கசிந்தபோதும் வீட்டில் அந்த வார்த்தையைத்தான் சொன்னார்கள். தார். அந்த முறை ஆஸ்பத்திரிக்குப் போவதற்குள் எல்லாம் முடிந்திருந்தது.

"சாயங்காலம் ஒரு லோடு இருக்குது பவுலினு. எறக்கிட்டு வந்து..."

"வாணாம்." அவள் ஏற்கெனவே போனை எடுத்திருந்தாள். "அப்பாதுரை அண்ணே, ஆட்டோவ ஜல்தி வூட்டாண்ட கொண்டாங்க. முண்டியம்பாக்கம் பெரியாஸ்பத்திரிக்கு."

அவன் சட்டை மாட்ட எழுந்து, சுவரைப் பிடித்துக்கொண்டு ஒரு கணம் நின்றான். மேசைமேல் திரையில் அவன் முகம் காதுமடல் சிவக்கச் சிரித்துக்கொண்டிருந்தது.

ஆட்டோ நெடுஞ்சாலையில் ஏறியது. வெயில் பட்ட அவன் நெற்றி நன்றாகவே மினுங்கியது. பார்க்கிறவர்கள் யாரும் சந்தேகப்பட மாட்டார்கள். பவுலின் அவன் கட்டைவிரல் நகத்தை அழுத்தினாள். அழுத்தினால் வெளுக்கும், விட்டால் சிவப்பு ஓடிவர வேண்டும்.

"இன்னாத்துக்கு அதையே அமுக்கிக்கினு வர்ற?"

விட்டாள். நகம் வெளுத்தே இருந்தது. அவள் அதன் மேல் குனிந்து, கண் கொட்டாமல் காத்திருந்தாள்.