முக்காட்டுக்காரி அவரை

எர்சீலியா யாரையும் நம்பமாட்டாள். பாதிரியார் பிரசங்கத்தைச் சீக்கிரம் முடித்தால், "இந்த மனுசனுக்கு இன்னிக்கு எங்கேயோ விருந்து" என்பாள். கடையில் முட்டை வாங்கினால் ஒவ்வொன்றையும் காதருகே ஆட்டிப் பார்ப்பாள். அப்படிப்பட்டவள் கையில் போய், அந்த மலையிலேயே வேறு யாரிடமும் இல்லாத ஓர் அவரை இனம் மாட்டிக்கொண்டது. அவரையின் கெட்ட நேரம், வேறென்ன சொல்ல!

வெள்ளைக் கொட்டை, உச்சியில் மட்டும் கருஞ்சிவப்பு. முக்காடு போட்ட கன்னியாஸ்திரீ மாதிரி இருப்பதால் ஊரில் அதற்கு முக்காட்டுக்காரி என்றே பெயர். ஒருகாலத்தில் செர்கியோ ஆற்றுக்கு இந்தப் பக்கம் எல்லாக் கொல்லையிலும் படர்ந்து கிடந்தது. பிறகு கடையில் பாக்கெட் விதை வந்தது, கொம்பு நடாமலே காய்க்கும் குத்தவரை வந்தது, ஒவ்வொரு வீடாகப் பழசைக் கைவிட்டார்கள். எர்சீலியா விடவில்லை. பாக்கெட்காரன் ஏதோ ஏமாற்றுகிறான் என்று அவளுக்குச் சந்தேகம். அந்தச் சந்தேகம்தான் அத்தனை வருஷம் அந்த இனத்தைக் காப்பாற்றியது என்பதையும் நியாயமாகச் சொல்லிவிட வேண்டும்.

ஒருநாள் நகரத்து விதைக் காப்பகத்திலிருந்து நிவெஸ் என்று ஒரு பெண் மலையேறி வந்தாள். "அக்கா, ஒரு பை கொடுத்தீங்கன்னா பாதியைக் குளிர்ல பத்திரமா வெச்சுக்குவோம், பாதியை விதைச்சுப் பெருக்குவோம். என்னிக்காவது உங்ககிட்ட இல்லாமப் போனா, எங்ககிட்ட வந்து வாங்கிக்கலாம்" என்றாள்.

எர்சீலியாவுக்குப் பொறி தட்டியது. என்னிடம் ஏன் இல்லாமல் போக வேண்டும்? இவள் வாயில் நல்ல வார்த்தையே வராதா? இன்றைக்குப் பெருக்குவார்கள், நாளைக்கு ஏதாவது கம்பெனி பெயரில் பதிவு செய்வார்கள், அதற்கப்புறம் என் கொல்லையில் என் அவரையை நட நானே கைகட்டி நிற்க வேண்டும். ஆனால் முகத்துக்கு நேரே இல்லை என்று சொல்லவும் கூச்சமாக இருந்தது.

அந்த ஊரில் சனிக்கிழமை பொது அடுப்பில் ரொட்டி சுடுவார்கள். ரொட்டியை எடுத்த பிறகு, மிச்சச் சூட்டில் சாப்பாட்டு அவரையைத் தட்டில் பரப்பி உள்ளே தள்ளுவார்கள். அப்படிச் செய்தால் வண்டு விழாது. சமைத்தால் ருசி குறையாது, ஆனால் மண்ணில் போட்டால் முளைக்காது. அதனால் விதையவரை அடுப்புப் பக்கமே போகாது. இது அங்கே நண்டு சிண்டுக்கெல்லாம் தெரியும், நகரத்து நிவெஸுக்குத் தெரியாது. எர்சீலியா அடுப்புச் சூடு கண்ட அவரையிலிருந்து ஒரு பை நிறைய அள்ளி, மேலே ரிப்பனும் கட்டிக் கொடுத்தனுப்பினாள்.

மறு வருஷம் நிவெஸ் போன் செய்தாள். "ஒண்ணுகூட முளைக்கலக்கா. எங்க மண்ணுல ஏதோ கோளாறுன்னு நினைக்கிறோம்."

"அப்படியா, அடப் பாவமே!" என்று சொல்லி போனை வைத்துவிட்டு எர்சீலியா அன்றைக்கு ஒரு கிளாஸ் ஒயின் கூடுதலாகக் குடித்தாள்.

நகரத்தாளைச் சமாளித்தாயிற்று. வேலிக்கு அந்தப் பக்கம் இருப்பவனை என்ன செய்வது? பக்கத்துக் கொல்லை தெல்மோவுடையது. கொத்தனார். இருவரும் ஒரே பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படித்தவர்கள். சில வருஷங்களுக்கு முன்னால் வேலியோரக் கொடியில் முற்றிய காய்களை ஒரே நாளில் காணவில்லை. மான் தின்றிருக்கும் என்றான் தெல்மோ. "எந்த மானுடா முத்தின காயாப் பார்த்துப் பொறுக்கும்?" என்று கேட்டாள் எர்சீலியா. அதோடு விட்டாளா? கோவில் திருவிழாச் சாப்பாட்டு வரிசையில் நின்றுகொண்டு ஊரே கேட்க அவனை அவரைத் திருடன் என்றாள். பெயர் ஒட்டிக்கொண்டது. தெல்மோ அவளோடு பேச்சை நிறுத்தினான். அடுத்த வசந்தத்தில் தன் கொல்லையில் பாக்கெட் அவரை நடுவதையும் நிறுத்திவிட்டு முட்டைக்கோஸ் போட்டான். "பார்த்தியா, குத்தமுள்ள நெஞ்சு குறுகுறுக்குது" என்றாள் அவள். அவன் மேட்டு நிலத்துக்குக் கொம்பு சுமந்து போவதைப் பார்த்துவிட்டு, "அங்கதான் ஒளிச்சு வளர்க்கிறான்" என்றாள். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய்.

அதிலிருந்து அவள் விதையவரை போட்டு வைத்த கண்ணாடிக் குடுவை ஓரிடத்தில் நிற்கவில்லை. ஒரு வருஷம் மாவுப் பீப்பாய்க்குப் பின்னால், இன்னொரு வருஷம் கோழிக்கூட்டுக் கூரையில், அப்புறம் மெத்தைக்கடியில். கணவன் அமெரீகோவிடம்கூடச் சொல்வதில்லை. அவன் கெட்டவன் இல்லை. ஆனால் கொஞ்சம் ஒயின் உள்ளே போனால் காப்பிக் கடையில் முதலிரவுக் கதைகூட வெளியே வந்துவிடும். இந்தக் குளிர்காலத்தில் குடுவை வீட்டுக்குப் பின்னாலிருந்த சொந்த அடுப்பின் உள்மூலைக்குப் போனது. அவள் மாமியார் போனதோடு அணைந்துபோன அடுப்பு அது. எந்தத் திருடன் செத்த அடுப்பில் கையை விடுவான்!

ஈஸ்டருக்கு முன்னால் அமெரீகோவுக்குத் திடீரென்று அன்பு பொங்கியது. எர்சீலியா பூசைக்குப் போயிருந்த நேரம். சோம்பும் உலர்திராட்சையும் போட்ட பண்டிகை ரொட்டியை இந்த வருஷம் சொந்த அடுப்பிலேயே சுடலாம் என்று சுள்ளிக் கட்டுகளைத் திணித்துத் தீ மூட்டினான். அவள் திரும்பி வந்தபோது முகமெல்லாம் கரியோடு, கல்யாண மாப்பிள்ளை போலச் சிரித்துக்கொண்டு நின்றான்.

"யோவ்! நெருப்பு வைக்கிறதுக்கு முன்னாடி உள்ள பார்த்தியா?"

"பார்க்க என்னடி இருக்கு? அடுப்புக்குள்ள அடுப்புதான் இருக்கும். என்னமோ டப்புன்னு வெடிச்சுது, கல்லுன்னு விட்டுட்டேன்."

அவள் கம்பியால் கிளறி வெளியே இழுத்தாள். உருகிய கண்ணாடியும் கரியும் வந்தன. விஷயம் புரிந்ததும் அமெரீகோ தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டான். "எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?" என்று மட்டும் கேட்டான்.

வீட்டில் சாப்பாட்டுக்கென்று எடுத்து வைத்த முக்காட்டுக்காரி இருந்தது. அத்தனையும் சூடு கண்டவை. இருந்தாலும் மனசு கேட்காமல் ஈரத்துணியில் கட்டி வைத்தாள், தினமும் பிரித்துப் பார்த்தாள். கொழகொழத்து நாறியதுதான் மிச்சம். நிவெஸைப் போனில் கூப்பிட்டாள். "முளைக்கலன்னாலும் மிச்சம் கொஞ்சம் இங்க இருக்குக்கா, அனுப்பட்டுமா?" என்று அந்தப் பெண் வெள்ளந்தியாகக் கேட்டது. எர்சீலியா வேண்டாம் என்று சொல்லிவிட்டு, சுவரைப் பார்த்துக்கொண்டு அழுதாள். ஒரு இனமே தன் கையால் போயிற்றே!

அப்போதுதான் நினைவு வந்தது. தெல்மோ திருடினானே!

கண்ணைத் துடைத்துக்கொண்டாள். இத்தனை வருஷத்தில் முதல்முறையாக அவன் பெயர் நாக்கில் இனித்தது. மேட்டு நிலத்தில் ஒளித்து வளர்க்கிறானே, நான்தான் பார்த்தேனே! ஆண்டவரே, அவன் திருடனாக இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டே வேலியைச் சுற்றிப் போனாள்.

தெல்மோ முற்றத்தில் காரை குழைத்துக்கொண்டிருந்தான். தலை நிமிரவில்லை. "இப்ப என்ன காணோம்?" என்றான்.

"ஒண்ணும் காணாமப் போகல. அந்த வருஷம் எங்காயை எடுத்தியே, அது விஷயமா..."

"ஆரம்பிச்சுட்டியா!"

"கோவமா வரலடா. எடுத்தது நல்லதாப் போச்சுன்னு சொல்லத்தான் வந்தேன்."

தெல்மோ கரண்டியைக் கீழே வைத்தான். இப்போது சந்தேகம் அவனைத் தொற்றிக்கொண்டது. வேலிக்கு அந்தப் பக்கம் எட்டிப் பார்த்தான். "அமெரீகோ எங்க ஒளிஞ்சிருக்கான்? உன் பையில போன் ஓடிட்டிருக்கா? எடு வெளியே. அந்தக் கல்லு மேல வை."

வைத்தாள். அடுப்பு எரிந்ததைச் சொன்னாள். நிவெஸுக்குக் கொடுத்த பையைப் பற்றியும், வெட்கத்தை விட்டு, ரிப்பன் உட்படச் சொன்னாள். "ஒரு பிடி இருந்தாப் போதும் தெல்மோ. ஒரு கொட்டை இருந்தாலும் போதும், நான் வளர்த்துக்குவேன். போலீஸ் கிடையாது, சண்டை கிடையாது. திருடினேன்னு ஒரே ஒரு வார்த்தை சொல்லுடா."

"திருடல."

"மேட்டு நிலத்துல கொம்பு நட்டியே?"

"தக்காளிக்கு நட்டேன். போய்ப் பாரு! உன் வாய்க்குப் பயந்து அவரைங்கற சாமானையே வீட்டுல சேர்க்கறதில்ல. எம் பொண்டாட்டி சூப்புல போட்டாலும் தட்டைத் தள்ளி வெச்சுடுவேன்."

"நெஜமாவா?"

"எங்கம்மா கல்லறை மேல சத்தியமா, ஒரு கொட்டைகூட நான் தொடல."

அவள் அவன் முகத்தை உற்றுப் பார்த்தாள். பொய் எங்காவது ஒட்டிக்கொண்டிருக்கிறதா என்று தேடினாள். கிடைக்கவில்லை. அவளுக்கு ஆத்திரம்தான் வந்தது.

"ஏண்டா எடுக்கல? கை நீட்டினா எட்டும்! கண்ணுக்கு எதிர்ல தொங்கிட்டிருந்துச்சே! ஒரு பிடி பறிச்சுப் போட்டுக்கறதுக்கு உனக்கு என்னடா கேடு?"

கத்திவிட்டு அப்படியே மணல் குவியலில் உட்கார்ந்து, சின்னப் பிள்ளை போல விக்கி விக்கி அழுதாள். தெல்மோவுக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. குழைத்த காரை இறுகிப் போகும்வரை பக்கத்திலேயே நின்றான்.

அந்தச் சனிக்கிழமை பொது அடுப்பு முன்னால் பெண்கள் மாவுப் பலகையோடு வரிசையில் நின்றார்கள். தெல்மோ துவைத்த சட்டை போட்டுக்கொண்டு, கையில் ஒரு குடுவையோடு நேராக எர்சீலியாவிடம் வந்தான்.

"இந்தா, எர்சீலியா. நான்தான் திருடினேன். ஒளிச்சு வெச்சிருந்தேன், மனசு உறுத்துச்சு. எடுத்துக்கோ" என்று ஊருக்கே கேட்கும்படி சொன்னான்.

முதலில் பேசியவள் அடுப்புச் சாவியை வைத்திருக்கும் ஆல்பினாதான். "இவ அப்பவே தலைபாடா அடிச்சுக்கிட்டா. நாமதான் பாவம், நல்ல மனுசன்னு நினைச்சோம். மூஞ்சியைப் பாரு, பூனையும் பால் குடிக்குமாங்கற மாதிரி!"

எர்சீலியாவின் காதில் எதுவும் விழவில்லை. குடுவை நிறைய வெள்ளைக் கொட்டை, ஒவ்வொன்றின் உச்சியிலும் கருஞ்சிவப்பு முக்காடு. ஒன்றை எடுத்தாள். பிறவிக் குணம் போகுமா, கட்டைவிரலால் அழுத்தித் தேய்த்தாள்.

முக்காடு விரலோடு வந்துவிட்டது. ஒயின் வாசனை அடித்தது.

கீழே கடையில் விற்கும் சாதா வெள்ளை அவரை. ஒயின் கசடைத் தொட்டுத் தொட்டு ஒவ்வொரு கொட்டையாகத் தீட்டியிருக்கிறான். செங்கல் தூக்கித் தடித்துப்போன விரல்கள். பல கொட்டைகளில் கோடு கோணலாகப் போயிருந்தது.

கேலி செய்கிறான் என்றுதான் முதலில் நினைத்தாள். வேறெப்படி நினைப்பாள்! விருட்டென்று நிமிர்ந்து பார்த்தாள். தெல்மோவின் காதுமடல் சிவந்திருந்தது. ஆல்பினாவின் பேச்சையெல்லாம் வாங்கிக்கொண்டு தரையைப் பார்த்தபடி நின்றான். "விதைச்சுக்கோ, பேசாமப் போ" என்று உதடு அசையாமல் முணுமுணுத்தான். கேலி செய்கிறவன் முகம் அப்படி இருக்காது.

ஒரு தலையாட்டல் போதும். குடுவையை மூடி இடுப்பில் வைத்துக்கொண்டு போனால், எர்சீலியா சொன்னது சரி என்று ஊரே சொல்லும். எரிந்த அடுப்பை யாரும் கேட்கமாட்டார்கள், ரிப்பன் கட்டிய பையை யாரும் கேட்கமாட்டார்கள். எல்லாரும் அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அவள் சாயம் ஒட்டிய கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினாள்.

"இவன் திருடல."

"என்னடி உளர்ற? அவனே ஒத்துக்கிட்டான்" என்றாள் ஆல்பினா.

"சாயம்டி இது, பாரு. இவன் ஒரு கொட்டைகூட எடுத்ததில்ல. ஊர் முன்னால திருடன்னு சொன்ன வாய்தான், ஊர் முன்னால சொல்றேன், கேட்டுக்குங்க. முக்காட்டுக்காரி போயிட்டா. கேட்டு வந்த பொண்ணுக்குச் செத்த விதையைக் கொடுத்தேன். மிச்சத்தைப் புருசனுக்குக்கூடச் சொல்லாம ஒளிச்சு வெச்சு எரியவிட்டேன்."

"ஏ பைத்தியக்காரி, சும்மா இருக்கமாட்டியா!" என்று தெல்மோ பல்லைக் கடித்தான்.

எர்சீலியா குடுவையை அவன் கையிலேயே திருப்பி வைத்தாள். "நீ திருடனா இருந்திருந்தா அது பொழைச்சிருக்கும்டா" என்றாள்.