மருந்து நெல்

பதினெட்டு மணித்தியாலம் கழிந்தும் சுமித்திராவின் நாக்கை விட்டு அந்தத் தாராக்கறியின் கொழுப்புப் போகவில்லை. மூன்று தரம் பல் துலக்கிவிட்டாள்.

விடிந்ததும் வழக்கம்போல முரசுமோட்டை வயல் வரம்பில் போய் இருந்தாள். கம்பசில் விலங்கியல் படித்த காலத்துப் பழக்கம். ஒரேயொரு பறவையைப் பார்க்க வேண்டும். மூச்சைக் கவனிக்க வேண்டும். மனதில் எது வந்தாலும், இது யாருக்கு வருகிறது என்று கேட்க வேண்டும்.

இன்று அவள் பார்த்த காட்டுத்தாரா நிற்க மாட்டாமல் சுற்றியது. கால் மடங்கி விழுந்தது. அலகிலிருந்து நூல்நூலாகக் கோழை வடிந்தது. அவள் கண்ணை எடுக்கவில்லை. குமட்டியது.

யாருக்குக் குமட்டுகிறது?

அண்ணன் கிருபன் சேற்றில் இறங்கி அதன் கழுத்தைத் திருகினான். பூச்சிமருந்தில் ஊறிய நெல்லை வரம்போரம் தூவியவன் அவன்தான்.

“அண்ணா, அது நஞ்சு.”

“இரைப்பையை வெட்டி எறிஞ்சாச் சரி. மருந்து முழுக்க அதுக்குள்ளதான் நிக்கும்.”

“இரத்தத்திலை கலந்தபடியாத்தானே அது விழுந்தது.”

“நேற்று நீயும்தானே எலும்பைச் சூப்பினனி? செத்தே போனனி?” சிரித்தான். “நீ உன்ரை குருவியளைப் பார். அண்ணிக்கு இறைச்சி வேணுமாம். வளர்ப்புத் தாரா எண்டுதான் சொல்லியிருக்கிறன். வாயைத் திறந்து கெடுத்துப்போடாதை.”

அண்ணி தர்மிளாவுக்கு ஐந்து மாதம்.

கையில் ஒட்டிய கோழையை அவன் சாரத்தில் துடைத்தான். அருவருப்பு அவன்மேல்தான் என்று நினைத்தாள். இன்னும் கொஞ்சம் பார்த்தாள். இல்லை. நேற்று “நல்ல ருசி அண்ணி” என்ற தன் நாக்கின்மேல். அதைக் கேட்டுத்தான் அண்ணி இன்னொரு துண்டு போட்டுக்கொண்டாள்.

எழுந்து நடந்தாள். அண்ணன் கூப்பிட்டும் திரும்பவில்லை.

குசினியில் தர்மிளா மிஞ்சிய கறியைச் சூடாக்கிப் புட்டோடு குழைத்துக்கொண்டிருந்தாள்.

“வா சுமி, ஈரலை உனக்கெண்டு எடுத்து வைச்சிருக்கிறன். என்ன, பேயைக் கண்ட மாதிரி நிக்கிறாய்?”

சுமித்திரா கோப்பையைப் பறித்தாள். கறி நிலத்தில் கொட்டுண்டது.

“உனக்கென்ன விசரே!”

காது இரண்டும் கொதித்தன. 

“அது வளர்ப்புத் தாரா இல்லை அண்ணி. மருந்து வைச்சுப் பிடிச்சது. உடனை ஆஸ்பத்திரிக்குப் போவம்.”

“உனக்கு ஆர் சொன்னது?”

“ஒருத்தரும் சொல்லேல்லை. அண்ணா நெல்லை மருந்திலை ஊறப்போடேக்கை நான் பாத்தனான். பாத்திட்டுத்தான் திண்டனான்.”