எச்சில் படாமல்

லிஃப்ட் மெக்கானிக்குக்கு அந்தப் பேக்கரிக்காரனைக் கண்டாலே வயிறு எரியும். தன்னை விட்டுப்போன மனைவியை அவன் கட்டிக்கொண்டதைக்கூட எப்படியோ ஜீரணித்துவிட்டான். ஏழு வயது மகள் அந்த ஆளைப் 'பேக்கரியப்பா' என்று கூப்பிடுவதுதான் தொண்டையை விட்டு இறங்கவில்லை.

மகளுக்குப் புதிதாக முளைத்த கடைவாய்ப் பற்களில் பள்ளம் ஆழமாக இருக்கிறது, சொத்தை விழுமுன் சீலன்ட் பூசி அடைத்துவிடுங்கள் என்று பள்ளிக்கூடத்தில் சொல்லி அனுப்பியிருந்தார்கள். அவன் முந்திக்கொண்டான்.

"சனிக்கிழமை என் முறை. நான் கூட்டிட்டுப் போறேன்" என்று மகளின் அம்மாவிடம் போனில் சொன்னான். "கேக்கு விக்கிறவன் வீட்ல வளர்ற புள்ள. பல்லாவது மிஞ்சட்டும்."

சொன்ன பிறகு நெஞ்சு கொஞ்சம் நிமிர்ந்தது. கிளினிக்கில் அந்த நிமிர்வு அரை மணி நேரம்கூடத் தாங்கவில்லை. பல்லில் ஜெல் தடவி, கழுவி, காற்றடித்துக் காயவைக்க வேண்டும். காய்ந்த பல்லில்தான் பூச்சு பிடிக்கும். டாக்டரம்மா காயவைத்து முடிப்பதற்குள் மகளின் நாக்கு நைசாக வந்து பல்லைத் தொட்டுவிட்டுப் போனது.

"போச்சு, எச்சில் பட்டுடுச்சு. மறுபடியும் முதல்லேர்ந்து."

"வாயை மூடாதேன்னு சொன்னேன்ல!" என்று அவன் அதட்டினான். அவள் இன்னும் இறுக்கி மூடிக்கொண்டாள். இரண்டாவது தடவையும் அதே கதைதான்.

"இன்னொரு நாள் பாத்துக்கலாமா டாக்டர்?"

"தள்ளிப்போடாதீங்க. ஒரு பள்ளம் லேசா நிறம் மாறியிருக்கு. இப்ப மூடினா தப்பிச்சிடும். விட்டா, அப்புறம் குடைஞ்சுதான் அடைக்கணும்."

மகள் வாயில் வைத்திருந்த பஞ்சைத் துப்பிவிட்டுச் சொன்னாள்: "பேக்கரியப்பா வந்தா நான் அசைய மாட்டேன்."

"யாரும்மா அது? வரச் சொல்லுங்க சார்" என்றார் டாக்டரம்மா, ஒன்றும் தெரியாமல்.

அவன் வெளியே வந்து போனை எடுத்தான். விரல் போகவில்லை. பல் போனால் போகட்டும் என்றுகூட ஒரு கணம் தோன்றியது. சீ என்று தன்னையே திட்டிக்கொண்டு நம்பரை அழுத்தினான்.

பேக்கரிக்காரன் முழங்கைவரை மாவோடு ஓடிவந்தான். உட்காரவில்லை. அவளுடைய கால் கட்டைவிரலைப் பிடித்துக்கொண்டு, "ஓவன் கதவு திறந்திருக்கு, பன்னு உள்ள இருக்கு. நான் 'டிங்'குன்னு சொல்றதுக்குள்ள மூடினா?" என்றான்.

"கருகிடும்!"

வாயைத் திறந்தவள் கல்லாகக் கிடந்தாள். நீல விளக்கு எரிந்தது, அணைந்தது. பூச்சு இறுகிவிட்டது.

"டிங்!"

இவ்வளவுதானா? ஒரு ஓட்டை ஓவனை வைத்தே பெண்ணை மயக்கிவிட்டானா?

மற்ற பற்களுக்கு ஃப்ளோரைடு தடவிக்கொண்டே டாக்டரம்மா கேட்டார், "இனிப்பு ரொம்பச் சாப்பிடுவாளோ?"

இந்தக் கேள்விக்காகவே காத்திருந்தவன்போல மெக்கானிக் பேக்கரிக்காரனைப் பார்த்தான். மகள்தான் பதில் சொன்னாள்.

"பேக்கரியப்பா சாப்பாட்டோடதான் தருவாரு. உடனே வாய் கொப்பளிக்கணும். அப்பாதான் பல்லு தேய்ச்சப்புறம் படுக்கையிலயே சாக்லேட் தருவாரு."

பேக்கரிக்காரன் கூரையை ஆராய்ந்தான். லேசாகச் சிரித்திருந்தால்கூட ஓர் அறை விட்டிருக்கலாம். பாவி, சிரிக்கவும் இல்லை.

இடது பக்கம் முடிந்தது, வலது பக்கத்துப் பற்களை அடுத்த முறை பார்க்கலாம் என்றார் டாக்டரம்மா. அதுவும் மெக்கானிக்கின் சனிக்கிழமையாகத்தான் வந்தது.

"அன்னைக்கு நீங்க வர வேண்டாம்."

"சரிண்ணே" என்றான் பேக்கரிக்காரன். அண்ணனாம் அண்ணன்!

ராத்திரி மகள் பழக்கதோஷத்தில் அப்பாவின் சட்டைப் பையைத் துழாவினாள்.

"சாக்லேட் எங்கப்பா?"

"இல்ல. இனிமே படுக்கையில கிடையாது." அவள் உதட்டைப் பிதுக்குமுன் அவன் நாற்காலியை இழுத்துப் போட்டான். "வாயைத் திற. லிஃப்ட் கதவு திறந்திருக்கு, ஆளுங்க ஏறிட்டிருக்காங்க. நான் மணி அடிக்கிற வரைக்கும் மூடக் கூடாது."

திறந்தாள். அவன் வலது பக்கத்துப் புதுப் பல்லில் விரலை வைத்தான்.

"ஓவன்தான் நல்லாருக்கு" என்றாள் திறந்த வாயோடு.

"லிஃப்டுதான்."

"எத்தனாவது மாடி?" என்று கேட்டுக் கதவை மூடினாள். பல் எலும்புவரை இறங்கியது. அவன் அலறினான்.

"கதவு மூடிடுச்சுப்பா!" என்று அவள் விழுந்து விழுந்து சிரித்தாள்.

விரலை உதறிக்கொண்டே அவன் சொன்னான்: "மறுபடியும் முதல்லேர்ந்து."