விமானி எங்கே?

காலையில் அடித்த பேய்மழை விமான அட்டவணையைக் கந்தலாக்கிவிட்டது. அதை ஒட்டுப்போட்டுச் சரிக்கட்டுவதுதான் விமான நிறுவனத்தின் கட்டுப்பாட்டு அறையில் இருந்தவளின் வேலை. ரத்தாகவிருந்த ஒரு பயணத்துக்கு வேறு ஊரிலிருந்து விமானத்தைத் திருப்பி வரவழைத்தாள். அதைக் கொண்டுவந்த விமானிக்குப் பணிநேரம் முடிந்துவிட்டதால், மேற்கொண்டு ஓட்டத்தான் ஆளில்லை. வீட்டில் ஓய்விலிருந்த கேப்டனைக் கெஞ்சிக் கூத்தாடிச் சம்மதிக்க வைத்தாள். புதிதாகக் குறித்த நேரமும் தாண்டியது, அவரைக் காணோம். போன் போட்டாள்.

"எங்க சார் இருக்கீங்க?"

"விமான நிலைய வாசல்லதாம்மா. உங்க பயணிங்க நடுரோட்டுல உக்காந்துக்கிட்டு, பைலட் எங்கேன்னு கத்துறாங்க. கார் நகர வழியில்ல."

அவள் தலையில் அடித்துக்கொண்டாள். "நான்தான் அந்த பைலட்னு சொல்லுங்க சார்!"

"சொன்னேன். டி-ஷர்ட் போட்ட பைலட்டா, யாருகிட்ட காது குத்துறேன்னு கேக்குறாங்க."

"பையிலிருந்து தொப்பியை எடுத்து மாட்டுங்க சார்!"

சற்று நேரம் ஒரே இரைச்சல். பிறகு கைத்தட்டல் கேட்டது. அவளுக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

"வழி விட்டுட்டாங்களா?"

"எங்கம்மா! ஆளாளுக்கு செல்ஃபி கேக்குறாங்க."

ஒருவழியாக விமானம் கிளம்பியது. "இவ்வளவு லேட்டுக்கு என்ன காரணம்?" என்று மேலாளர் கேட்டார்.

"அதுல போறவங்களையே கேளுங்க சார்" என்று ஹெட்ஃபோனைக் கழற்றி வைத்தாள்.